ஒரு மூட்டை யூரியா எங்கே போனது?

கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் படாளம். பாலாற்றுப் பக்கமாக இரண்டு ஏக்கர் நிலம். முன்பு கரும்பு வைத்து ஆலைக்கு வெட்டி அனுப்பினோம். இப்போது சம்பா நெல். நெல்லை அறுத்ததும் மாசிப்பட்டத்தில் எள். கோடையில் கிணறு நான்கு தண்ணீருக்கு மேல் தாங்காது. அப்பா காலத்தில் எள்ளுக்கு உரம் என்ற பேச்சே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு உரக்கடையில் சொன்னபடி ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டேன். விதைத்த இருபதாம் நாள் தண்ணீர் கட்டி, மறுநாள் ஈரத்தில் வீசினேன். செடி மார்பளவு வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கண் வைத்தார்கள். அறுத்து உலுக்கினால் ஏக்கருக்கு 200 கிலோ. போன வருடம் கோபத்தில் யூரியாவையே தொடவில்லை. அடியுரமாக அரை மூட்டை டிஏபி மட்டும் போட்டேன். செடி இடுப்புக்கு மேல் ஏறவில்லை, வெளுத்து நின்றது. அதிலும் 200 கிலோதான்.

போட்டாலும் 200, போடாவிட்டாலும் 200 என்றால் அந்த ஒரு மூட்டை எங்கே போனது? எள்ளுக்கு யூரியா வேண்டுமா, வேண்டாமா? வேப்பெண்ணெய் பூசியது, நானோ என்று கடையில் இருக்கிறதே, எதை வாங்குவது? எங்கள் ஊர் சர்க்கரை ஆலையின் கழிவான பிரஸ்மட்டைப் போட்டால் யூரியாவைக் குறைக்கலாமா?

— ஒரு விவசாயி, படாளம்

பதில்:

உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "தண்ணீர் கட்டி, மறுநாள் ஈரத்தில் வீசினேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். அந்த ஒரு நாள் இடைவெளி மூட்டையில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. மீதி எங்கே போனது என்பதையும் தேடிப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் எள் எவ்வளவு கேட்கிறது என்று தெரிய வேண்டும்.

எள்ளின் கணக்கு

எள்மணியில் ஏறக்குறைய பாதி எண்ணெய், ஐந்தில் ஒரு பங்கு புரதம். எண்ணெயில் தழைச்சத்து துளியும் கிடையாது, புரதத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் 100 கிலோ எள்ளோடு சுமார் மூன்றரை கிலோ தழைச்சத்து வீட்டுக்கு வருகிறது. ஏக்கருக்கு 300 கிலோ எடுக்கிறவர் நிலத்திலிருந்து பத்துப் பதினோரு கிலோவை மணியாக எடுத்துப்போகிறார். தண்டும் காய்த்தோலும் இன்னும் கொஞ்சம் எடுக்கும். உதிர்கிற இலை நிலத்துக்கே திரும்பிவிடும்.

இதை முழுக்க மூட்டையிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மண்ணில் மட்கியிருப்பது ஒரு பங்கைத் தரும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எள்ளுக்குக் கை இறுக்கமாகவே இருக்கிறது. தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில் ஹெக்டேருக்கு மானாவாரியில் 23:13:13 கிலோ, இறவையில் 35:23:23 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் மானாவாரி எள்ளுக்கு 20 கிலோ யூரியா, இறவை எள்ளுக்கு 31 கிலோ யூரியா.

நீங்கள் போட்டது 45 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆக 20.7 கிலோ. இறவைப் பரிந்துரையைப் போல ஒன்றரை மடங்கு. அதுவும் சம்பாவுக்குப் போட்டதில் ஒரு மிச்சம் மண்ணில் கிடக்கிற நிலத்தில். நெல் வயல் வடிந்து, காய்ந்து, உழவு பட்டு, மறுபடி ஈரம் கண்டதும் மண்ணில் கட்டுண்டு கிடந்த தழைச்சத்து சட்டென்று அவிழும். முதல் கோடை மழைக்குப் பிறகு வரப்புப் புல்கூடக் கரும்பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விருந்து உங்கள் எள்ளுக்கு முதல் வாரங்களிலேயே கிடைத்துவிட்டது. அதற்கு மேல்தான் நீங்கள் ஒரு மூட்டையை வீசினீர்கள்.

மழை மாவட்டம், வறண்ட பட்டம்

உங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தை யாரும் வறண்ட சீமை என்று சொல்ல மாட்டார்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடுகிறது. பக்கத்து வேடந்தாங்கலில் பறவைகள் கிளம்பத் தொடங்கும் நேரத்தில்தான் உங்கள் எள் முளைக்கிறது. மாசியில் விதைத்து வைகாசியில் அறுக்கும் வரை கிணற்றுத் தண்ணீர், பகல் வெயில், மாலையில் கடற்காற்று, அவ்வளவுதான் அதற்கு. எனவே உரத்தைப் பொறுத்தவரை உங்கள் நிலத்தை மாசியிலிருந்து வறட்சி நிலமாகவே நடத்த வேண்டும்.

வறட்சி நிலத்துக்காரர்கள் உரத்தை எப்படி நினைக்கிறார்கள் என்பதற்கு சூடானைப் பார்க்கலாம். உலகில் அதிகமாக எள் விளைவிக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே கெடாரிஃப் வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மானாவாரி எள். பெரும்பாலும் உரமே இல்லாமல். மழை வருமா என்று தெரியாத நிலத்தில் முன்கூட்டியே பணத்தைப் புதைக்க யாருக்கும் மனசு வராது. ஈரம் இல்லாவிட்டால் வேர் உரத்தை எடுக்க முடியாது என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம்.

உங்கள் அப்பா போடாமல் இருந்ததும் இதே கணக்கில்தான் இருக்கும். ஆனால் அவர் நிலத்துக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டுக்கிடை மறித்திருப்பார், வண்டி வண்டியாக எரு அடித்திருப்பார், வரப்புத் தழையை நெல்லுக்கு மிதித்திருப்பார். எள் அந்த மிச்சத்தைச் சாப்பிட்டது. இன்று மிச்சம் வைக்கும் அந்தப் பழக்கங்கள் போய்விட்டன. அதனால் அப்பாவைப் போல நீங்களும் கையை மடக்கிக்கொள்ள முடியாது. கொடுத்தாக வேண்டும், அளந்து கொடுக்க வேண்டும்.

மூட்டை போன மூன்று வழிகள்

முதல் வழி, காற்று. யூரியாவை அப்படியே வேர் அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. மண்ணிலும் பழைய தாளிலும் உள்ள ஒரு நொதி அதை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. மண்ணுக்கு அடியில் இது நடந்தால் களித்துகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்மண்ணில், ஈரமும் வெயிலும் சேர்ந்த இடத்தில் நடந்தால் பிடிக்க ஆளில்லை, ஆவியாகப் போய்விடும். பங்குனி வெயிலில், தண்ணீர் கட்டிய மறுநாள், ஈரமான மேல்மண்ணில் வீசிய யூரியாவுக்கு இதைவிடத் தோதான சூழல் கிடைக்காது. யூரியா கரைய மட்டும் ஈரம் போதுமானதாக இருந்தது; அதை உள்ளே இழுத்துப்போக அடுத்த தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்திருக்கும். இப்படிப்பட்ட நிலையில் போட்டதில் கால் பங்கும் அதற்கு மேலும் காற்றோடு போவது பல நாடுகளில் அளந்து பார்க்கப்பட்ட சங்கதி.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே பாருங்கள். மூடியுள்ள இரண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களை எடுங்கள். இரண்டிலும் உங்கள் வயல் மண்ணைப் பாதி நிரப்பி, கையில் பிடித்தால் ஒட்டும் அளவுக்கு ஈரமாக்குங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி யூரியாவை மேலே தூவுங்கள். இன்னொன்றில் அதே அளவை அடியில் போட்டு மேலே மூன்று விரல் கனம் மண்ணை மூடுங்கள். மூடியை இறுக்கித் திண்ணையில் வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள்; மூக்கை ரொம்பக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். முதல் பாட்டிலில் மாட்டுக்கொட்டகை மூத்திர நெடி குப்பென்று வரும். இரண்டாவதில் மிகக் குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் முகர்ந்தது உங்கள் காசு.

இரண்டாவது வழி, அடிமண். காற்றுக்குத் தப்பியது ஓரிரு வாரத்தில் நைட்ரேட்டாக மாறும். வேர் விரும்பி எடுப்பது அதைத்தான். ஆனால் அதை மண் பிடித்து வைக்காது. தண்ணீர் போகிற பக்கம் போகும். பாலாற்று ஓரத்து மணல் கலந்த மண்ணில் மடை நிறையத் தண்ணீர் விட்டால் இருபது இருபத்தைந்து நாள் எள்ளின் வேர் எட்டாத ஆழத்துக்கு அது இறங்கிவிடும்.

மூன்றாவது வழி உங்கள் கண்ணெதிரே நின்றது: மார்பளவு செடி. தழைச்சத்து என்று நம் மொழியில் பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதை வேண்டிய அளவுக்கு மேல் கொடுத்தால் தழைதான் கிடைக்கும். கீரைக்கு அது லாபம். எள்ளில் நாம் விற்பது காய்க்குள் இருப்பதை. மேலும் எள் ஒரே மூச்சில் பூத்து முடிக்கும் பயிர் கிடையாது. அடிக்காய் முற்றும்போது நுனி இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். தழைச்சத்து மிஞ்சினால் நுனி நிறுத்தவே நிறுத்தாது, பூத்துக்கொண்டே போகும். நீங்கள் நுனிக்காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்து மணி மண்ணில் கொட்டும். முன்னால் அறுத்தால் நுனியில் பதர். உங்கள் மகசூல் 200 கிலோவாகக் குறைந்ததில் ஒரு பங்கு வயலிலேயே சிந்தியிருக்கும். பத்து நாள் தள்ளிப்போனால் வைகாசி இடிமழையும் சேர்ந்துகொள்ளும்.

கூடவே, மெத்தென்ற தழையைப் புழுவும் பூச்சியும் முதலில் கண்டுபிடிக்கும். நுனி இலைகளைப் பிணைத்து உள்ளே இருந்து தின்னும் புழு, பிறகு அதே புழு காயைத் துளைக்கும். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி, பூ வர வேண்டிய இடத்தில் பச்சை இலைக் கொத்தாக மாற்றிவிடும் பூவிலை நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். அந்த நோய் வந்த செடி பச்சையாக, அழகாக நிற்கும்; காய் வைக்காது. அதைக் கண்டதும் பிடுங்கி எறியுங்கள்.

இந்த இழப்பு உங்களுக்கு மட்டும் நேர்ந்ததாக வருத்தப்பட வேண்டாம். உலகம் முழுவதும் தானியப் பயிர்களுக்குப் போடும் தழைச்சத்தில் 33 சதவீதம்தான் மணியாகத் திரும்புகிறது என்று 1999-ல் வெளியான ஒரு கணிப்பு சொன்னது. நம்மிடம் மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. மீதி விலையை அரசு மானியமாகக் கட்டுகிறது. நட்டம் யூரியா விலையில் தெரியாது. மருந்துச் செலவிலும் சிந்திய மணியிலும் தெரியும்.

போன வருடம் ஏன் வெளுத்தது?

அரை மூட்டை டிஏபி என்றால் 25 கிலோ. அதில் தழைச்சத்து 18 சதவீதம், நாலரை கிலோ. இறவை எள்ளுக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பசி இருந்திருக்கும். ஆனால் வெளுப்பு எந்த இலையில் தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முக்கியம்.

தழைச்சத்துக் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே அடி இலை முதலில் மஞ்சளாகும். கந்தகம் குறைந்தால் செடியால் அப்படி உருவ முடியாது; நுனி இலை முதலில் வெளுக்கும். எண்ணெய்வித்துப் பயிருக்குக் கந்தகம் இல்லாமல் முடியாது. கந்தகம் போதாவிட்டால் தழைச்சத்தைப் புரதமாக்கவும் செடியால் முடியாது. நீங்கள் கொடுக்கும் யூரியா பாதியில் நின்றுவிடும். டிஏபியில் கந்தகம் கிடையாது. சூப்பர் பாஸ்பேட்டில் 11 சதவீதம் இருக்கிறது. எள்ளுக்கு மணிச்சத்தைச் சூப்பராகக் கொடுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளமான மூலையில் மட்டும் மஞ்சள் என்றால் அது உரக் குறை இல்லை. தண்ணீர் நின்றதால் வேர் மூச்சு முட்டியது. எள் ஒரு நாள் தேங்கலைக்கூடத் தாங்காது. பிறகு வேரழுகல் வரும். அங்கே யூரியாவைத் தூவுவது மூச்சுத் திணறுகிறவனுக்குச் சோறு ஊட்டுவது போல. வடிகால்தான் மருந்து.

இந்த மாசியில் என்ன செய்வது?

"எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவு" என்பார்கள். நெல் தாளடி நிலத்தில் கட்டி உடையாமல் எள் விதைத்தால் முளைப்பு தப்பும். முளைக்காத இடத்தில் போட்ட உரம் களைக்குப் போகும். புழுதியாக உழுது, மட்டம் செய்து, சிறு சிறு பாத்தியாகக் கட்டுங்கள். விதை திண்டிவனத்து டி.எம்.வி. ரகங்களில் ஒன்றாக இருக்கட்டும். நம் பக்கத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை, பெரும்பாலும் 80, 85 நாளில் முடிபவை.

ஏக்கருக்கு 58 கிலோ சூப்பர், 15 கிலோ பொட்டாஷ், 15 கிலோ யூரியா. இதுதான் அடியுரம். யூரியாவையும் சூப்பரையும் முந்தின நாளே கலந்து வைத்தால் கசிந்து சேறாகும். வயலில் நின்று கலந்துகொள்ளுங்கள். ஓர் அடி இடைவெளியில் சால் பிடித்து, இரண்டு அங்குல ஆழத்தில் உரத்தைப் போட்டு மண்ணை மூடி, அதற்கு மேலே பக்கவாட்டில் விதையுங்கள். விதையும் யூரியாவும் தொடக்கூடாது; தொட்டால் முளை கருகும். ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை; எட்டுக் கிலோ மணல் கலந்து விதைத்தால் கை சீராக வரும். விதைத்த பின் இரண்டு கிலோ மாங்கனீசு சல்பேட்டை மணலில் கலந்து மேலாகத் தூவலாம்.

பதினைந்தாம் நாள் அரை அடிக்கு ஒரு செடியாகவும், முப்பதாம் நாள் ஓர் அடிக்கு ஒரு செடியாகவும் கலைத்துவிடுங்கள். எள்ளைக் கலைக்க மனசு வராது என்பது தெரியும். ஆனால் நெருக்கத்தில் நின்றால் ஒவ்வொரு செடியும் வெளிச்சத்துக்காகத் தண்டை நீட்டும்; கிளை வைக்காது. உங்கள் யூரியா தண்டாகப் போகும். கலைத்து முடித்தால் ஒரு சென்ட்டில் நானூற்றைம்பது செடி அளவுக்கு நிற்க வேண்டும்.

மேலுரம் இன்னொரு 15 கிலோ யூரியா. பொதுவாக எள்ளுக்கு எல்லாவற்றையும் அடியுரமாகவே போட்டுவிடுவார்கள். மணல் கலந்த உங்கள் நிலத்துக்காக நான் தழைச்சத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். முதல் மூன்று வாரம் எள் மெதுவாகத்தான் வளரும். பசி எடுப்பது மொட்டு வைக்கும்போது. களை எடுத்து, கடைசிக் கலைப்பு முடிந்து, 28 அல்லது 30-ஆம் நாள், செடி வரிசைக்கு நாலு விரல் தள்ளி யூரியாவை வரிசையாகப் போட்டு, களைக்கொத்தால் மண்ணை இழுத்து மூடி, அன்றைக்கே மெல்லிய தண்ணீர் விடுங்கள். உரம் முதலில், தண்ணீர் பிறகு. இந்த வரிசையை மாற்றியதில்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு நட்டம் வந்தது. நாற்பதாம் நாளுக்குப் பிறகு யூரியா மூட்டையைத் திறக்காதீர்கள்.

உங்கள் நான்கு தண்ணீரை இப்படிப் பிரிக்கலாம்: விதைத்ததும் ஒன்று, ஏழாம் நாள் உயிர்த்தண்ணீர், மேலுரத்தோடு ஒன்று, பூவும் பிஞ்சுமாக இருக்கும் 45-ஆம் நாள் வாக்கில் ஒன்று. 65 நாளுக்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் இருந்தாலும் விட வேண்டாம்.

கிணற்றுக்குள் ஓர் உரமூட்டை

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். பல வருடம் கரும்புக்கும் நெல்லுக்கும் போட்ட யூரியா அடிமண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் நம் நாட்டில் வரம்பு. உங்கள் தண்ணீர் அந்த வரம்பைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு தண்ணீருக்கு நான்கு சென்டிமீட்டர் உயரம் என்றால், நான்கு தண்ணீரில் ஏக்கருக்கு ஆறரை லட்சம் லிட்டர் பாய்கிறது. அதோடு வருவது ஆறரை கிலோ தழைச்சத்து. 14 கிலோ யூரியாவுக்குச் சமம். ஏறக்குறைய உங்கள் மேலுரம் முழுவதும்! அத்தனையும் வேருக்குக் கிடைக்காது. பாதி கிடைத்தாலும் மேலுரத்தைப் பாதியாக்கலாம். தண்ணீர் வரம்பைத் தாண்டியிருந்தால் யூரியாவைப் பற்றிய கவலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது: அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது.

மண்ணையும் மதுராந்தகம் வேளாண்மை விரிவாக்க மையம் வழியாகப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிடைக்கும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. 30 கிலோ யூரியா அப்படியே இருக்கட்டும். அதற்கு மேலே போகப் போகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் எதை வாங்குவது?

வேப்பெண்ணெய் பூசியதா என்று தேட வேண்டியதில்லை. 2015 முதல் நம் நாட்டில் மானிய யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. நீங்கள் வீசியதும் அதுதான். வேப்பெண்ணெய் செய்யும் வேலை, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் உருவாவதைத் தாமதப்படுத்துவது. அதனால் அடிமண்ணுக்கு இறங்குவது குறையும். காற்றில் பறப்பதை அது நிறுத்தாது. அந்தக் கதவை மூட மண்வெட்டியால்தான் முடியும்.

நானோ யூரியா 2021-ல் சந்தைக்கு வந்தது. அந்த அரை லிட்டர் பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். பின்னால் வந்த அடர்த்தி கூடியதில் 100 கிராம். ஒரு மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. இலை வழியாக எவ்வளவு திறமையாக உள்ளே போனாலும் 20 கிராமை 20 கிராமுக்கு மேல் ஆக்க முடியாது. 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ சாதாரண யூரியாவைக் கரைத்து மாலையில் தெளித்தால் ஏக்கருக்கு 920 கிராம் கிடைக்கும், செலவும் பன்னிரண்டு ரூபாய்தான். தண்ணீர் தட்டுப்பட்டு மேலுரம் போட முடியாமல் போகும் வருடத்தில் இது கைகொடுக்கும். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பிரஸ்மட்டைக் கண்டிப்பாகப் போடுங்கள், ஆனால் புதுசாகப் போடாதீர்கள். ஆலையில் புதிதாகக் கொட்டிய குவியலுக்குள் கை விட்டால் சுடும். உள்ளே நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அதை அப்படியே எள்ளுக்குப் போட்டால் அவை தங்கள் பசிக்கு மண்ணின் தழைச்சத்தையே பிடுங்கும், செடி வெளுக்கும். மூன்று மாதம் மட்கவைத்து, கை வைத்தால் குளிர்ந்து, மண்வாசனை வந்த பிறகு, முடிந்தால் சம்பாவுக்கே போடுங்கள். எள் அதன் மிச்சத்தைச் சாப்பிடட்டும். உங்கள் அப்பா ஆட்டுக்கிடையால் செய்தது இதைத்தான். அதில் தழைச்சத்து மெதுவாகத்தான் அவிழும் என்பதால் முதல் வருடமே யூரியாவை வெட்டிவிடாதீர்கள்.

நான்கு சென்ட் பள்ளிக்கூடம்

நான் சொன்ன 30 கிலோ பொதுக் கணக்கு. உங்கள் நிலத்தின் கணக்கை உங்கள் நிலம்தான் சொல்லும். அதைக் கேட்க நான்கு சென்ட் போதும். ஏக்கருக்கு நூறு சென்ட் என்பது நமக்குப் பெரிய வசதி; ஏக்கருக்கு எத்தனை கிலோவோ, சென்ட்டுக்கு அதைப் பத்தால் பெருக்கினால் கிராம்.

மேடு பள்ளம் இல்லாத இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு பாத்தி, ஒவ்வொன்றும் ஒரு சென்ட். முதல் பாத்திக்கு யூரியா இல்லை. இரண்டாவதுக்கு 150 கிராம், மூன்றாவதுக்கு 300 கிராம், நான்காவதுக்கு 450 கிராம். பாதி அடியில், பாதி மேலுரம். சூப்பரும் பொட்டாஷும் தண்ணீரும் நான்குக்கும் ஒன்றாக. பாத்திக்கு நடுவே வரப்பு நன்றாக இருக்கட்டும்; ஒன்றின் தண்ணீர் மற்றதில் புகக்கூடாது.

அறுவடைக்கு நாள் பார்க்கத் தெரியும் உங்களுக்கு. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அடியிலிருந்து கால்வாசி இலை உதிர்ந்ததும் கீழிருந்து பத்தாவது காயைப் பிரித்துப் பாருங்கள். கறுப்பு ரகமானால் மணி பழுப்பு ஏறியிருக்க வேண்டும். நான்கு பாத்திக்கும் அந்த நாள் ஒன்றாக வராது. எது எத்தனை நாள் பிந்துகிறது என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் விடைதான். அறுத்ததை நான்கு தனிப் போராக, நுனி உள்ளே, அடி வெளியே இருக்கும்படி அடுக்கி மூன்று நாள் மூடி வைத்து, தனித்தனிச் சாக்கு விரித்து உலுக்குங்கள்.

எடை போட்ட பிறகு கணக்கு இப்படி. எண்கள் உதாரணத்துக்குத்தான்: உரமில்லாத பாத்தியில் 2 கிலோ, 300 கிராம் போட்டதில் 2 கிலோ 900, 450 கிராம் போட்டதில் 2 கிலோ 950 என்று வைத்துக்கொள்வோம். 300 கிராம் யூரியாவில் தழைச்சத்து 138 கிராம். அது கூடுதலாகத் தந்த எள் 900 கிராம். ஒரு கிராமுக்கு ஆறரை கிராம். 450 கிராம் யூரியாவில் 207 கிராம், கூடுதல் 950. ஒரு கிராமுக்கு நாலரை. கடைசியாகப் போட்ட 150 கிராம் யூரியா தந்தது வெறும் 50 கிராம் எள். உரத்தின் திறன் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பெரிய பெயர் வைத்திருப்பது இந்த வகுத்தலுக்குத்தான். உங்களிடம் உரமில்லாத ஒரு பாத்தி இல்லாததால்தான் இரண்டு வருடமும் 200 கிலோ என்ற ஒரே விடை வந்தும் காரணம் பிடிபடவில்லை.

வைகாசியில் நான்கு சாக்கின் எடையையும், காலண்டரில் குறித்த நான்கு தேதியையும் எழுதி அனுப்புங்கள். அதற்கடுத்த மாசியில் எத்தனை கிலோ யூரியா என்று என்னையும் கேட்க வேண்டாம், உரக்கடையிலும் கேட்க வேண்டாம்.